வலியால் மாறும் நடை: ஜெர்மன் மருத்துவச் சொற்களும் தமிழாக்கமும்

காலிலோ இடுப்பிலோ வலி உள்ளவர், அந்தக் காலுக்கு நோவு தராமல் நொண்டி நடப்பதை ஜெர்மன் மருத்துவத்தில் 'ஷோன்ஹிங்கன்' என்பர். 'ஷோனன்' என்றால் சிரமம் கொடுக்காமல் பேணுதல். 'ஹிங்கன்' என்றால் நொண்டுதல். வலியை முன்னிறுத்தி 'ஷ்மெர்ட்ஸ்ஹிங்கன்' (வலி நொண்டல்) என்றும் கூறுவர். ஆங்கில நூல்களில் இது 'அண்டால்ஜிக்' நடை எனப்படுகிறது. 'எதிர்', 'வலி' என்னும் பொருளுடைய கிரேக்கக் கூறுகளால் ஆனது அச்சொல்.

ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தால் 'வலி எதிர்ப்பு நடை' என்று ஆகிவிடும். சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் தவறு. 'எதிர்ப்பு' என்றதும், வலியைப் பொருட்படுத்தாமல் ஊன்றி நடப்பதாக மாணவர் எண்ணுவார். உண்மை இதற்கு நேர்மாறானது. வலியுள்ள கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் குறைகிறது. மறுகால் விரைந்து முன்வந்து உடல் எடையை வாங்கிக்கொள்கிறது. அதனால் இரு காலடி ஓசைகளும் சம இடைவெளியில் விழுவதில்லை.

பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல தொடர் ஒன்று உண்டு: 'காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்.' 'ஷோனன்' உணர்த்தும் பேணுதல் இதில் அப்படியே இருக்கிறது. எனவே 'தாங்கு நடை' என்று பெயரிடலாமே எனத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எலும்பு மருத்துவத்தில் 'எடை தாங்குதல்' என்றால் காலை ஊன்றி உடல் எடையை ஏற்றல். எலும்பு முறிவிலிருந்து தேறி வருபவரிடம் 'காலைத் தாங்கி நடங்கள்' என்றால், ஒருவர் ஊன்றலாம் என்று கொள்வார்; இன்னொருவர் ஊன்றக்கூடாது என்று கொள்வார். ஆகவே தலைச்சொல்லாக 'வலித்தவிர்ப்பு நடை' என்று வைத்து, விளக்கத்தில் 'தாங்கித் தாங்கி நடத்தல்' என்று சேர்ப்பதே பாதுகாப்பானது.

ஜெர்மன் சொற்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவை காரணத்தைச் சொல்லிப் பெயரிடும் முறை. கால் நீளம் குறைந்ததால் வருவது 'ஃபெர்க்யூர்ட்சுங்ஸ்ஹிங்கன்'. மூட்டு இறுகியதால் வருவது 'ஃபெர்ஷ்டைஃபுங்ஸ்ஹிங்கன்'. தசை செயலிழந்ததால் வருவது 'லேமுங்ஸ்ஹிங்கன்'. நம் வழக்குச் சொற்களோ தோற்றத்தைச் சொல்கின்றன: சாய்ந்து சாய்ந்து, இழுத்து இழுத்து, கெந்திக் கெந்தி. ஒரே தோற்றத்துக்கு இரு காரணங்கள் இருக்கலாம் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது. ஊன்றிய கால் பக்கமாக உடலைச் சாய்த்து நடப்பது, பிரெஞ்சு மருத்துவர் துஷேன் (1806–1875) பெயரால் 'துஷேன் நொண்டல்' எனப்படுகிறது. இடுப்புத் தசை வலுவிழந்தாலும் இது வரும். இடுப்பு மூட்டு வலித்தாலும் வரும். இதை 'வலி நடை' என்று பெயர்த்தால் பாதிக் காரணம் விடுபட்டுப்போகும்.

'ஷாவ்ஃபென்ஸ்டர்கிராங்க்ஹைட்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'கடைச் சாளர நோய்'. காலுக்குச் செல்லும் தமனிகள் குறுகுவதால், சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் தணியும். நோயாளி கடைச் சாளரத்தைப் பார்ப்பவர்போல அடிக்கடி நிற்பதால் இந்தப் பெயர். நேர்ப்பெயர்ப்பு தமிழ் வாசகருக்கு எதையும் உணர்த்தாது. இதன் இலத்தீன் பெயரைப் பின்பற்றி 'விட்டுவிட்டு நொண்டல்' என்றாலும் கவனம் நொண்டலுக்கே போகும். இங்கே முதன்மையானது வலி. 'நடந்தால் வரும் கால்வலி' என்பதே பொருளை நெருங்குகிறது.

கடைசியாக மரியாதை. 'ஹிங்கன்' செயலைக் குறிப்பது. தமிழில் 'நொண்டி' என்பது ஆளையே குறிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. பாடநூலிலும் மருத்துவக் குறிப்பிலும் 'நடை' என்றோ 'நொண்டல்' என்றோ செயலை எழுதினால் போதும். அந்தத் தாளை நோயாளியும் படிப்பார்.