விஸ்வகுருவும் கடல் தாண்டக் கூடாத கேள்விகளும்

‘சர்வதேசம்’ என்கிற சொல்லை ஒருகாலத்தில் நாம் தெருமுனைக் கூட்டங்களில்தான் கேட்டோம். மே தினம், வியத்நாம், பாலஸ்தீனம் என்று அதற்கு ஒரு வரிசை இருந்தது. இன்றைக்கு அதே சொல் அரசின் கொள்கை அறிக்கைகளிலும் பல்கலைக்கழக விளம்பரத் தட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறது: ‘உயர்கல்வியைச் சர்வதேசமயமாக்குதல்’. ஒரு சொல் இடம் மாறும்போது சும்மா மாறுவதில்லை. தன்னோடு சேர்ந்த ஆட்களையும் மாற்றிவிடுகிறது. இந்தப் புதிய சர்வதேசத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? ஒரு கதையையோ கவிதையையோ வாசிக்கிற மாதிரியே, அது பேசுவதையும் பேசாமல் விடுவதையும் சேர்த்து வாசித்துப் பார்க்கலாம்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை இந்தப் பகுதியை ‘விஸ்வகுரு’ என்கிற உருவகத்தின் மேல் கட்டியிருக்கிறது. இந்தியா பழையபடி உலகத்துக்குக் குருவாக வேண்டுமாம். அதற்காக வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வர வேண்டும், உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் பல்கலைக்கழகங்கள் இங்கே வளாகம் திறக்க வேண்டும். இந்தப் ‘பழையபடி’யைக் கவனிக்கணும். அந்தப் பழைய காலத்தில் குருவின் எதிரே உட்கார்ந்தவர்கள் யார், வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதை அது பேசாமல் தாண்டிப் போகிறது. ஏகலைவனும் குருவைத் தேடிப் போனவன்தானே!

சரி, குருவைத் தேடி உலகம் வந்ததா? ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டத்தை 2018இல் தொடங்கியபோது, 2023க்குள் 2 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று இலக்கு வைத்தார்கள். அரசே நடத்தும் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20இல் இங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் 49,348 பேர். 2021-22இல் 46,878 பேர். இடையில் கொரோனா வந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய எண்ணும்கூட இலக்கில் கால்வாசியைத் தொடவில்லை. இந்தத் தோல்வியை எண்ணிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போவதல்ல என் நோக்கம். தோற்றுப்போன இந்த இலக்குக்குப் பக்கத்திலேயே வெற்றிகரமாக நடந்துகொண்டிருக்கும் வேறு ஒரு வேலை இருக்கிறது. அது வடிகட்டும் வேலை. ஒரே அரசின் இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரியும்.

முதலாவது, பல்கலைக்கழக மானியக்குழு 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறக்கலாம். யாரைச் சேர்ப்பது, எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதை அதுவே தீர்மானிக்கலாம். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டுப் பணத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகலாம். இட ஒதுக்கீட்டை அந்த விதிகள் கட்டாயமாக்கவில்லை. கல்வி உதவித்தொகை பற்றி ஒரு வரி உண்டு. அதைத் தருவதும் தராததும் அவர்கள் பாடு. நாட்டு நலனுக்குக் கேடான பாடத்தை நடத்தக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு.

இரண்டாவது, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயலக உதவித்தொகைத் திட்டம். 1954-55இலிருந்து நடக்கிற திட்டம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பதற்கானது. மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 125 இடம். இங்கேயும் அந்த 500 வருகிறது: தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் நிறுவனத்தில்தான் சேர வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது.

இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். உள்ளே வரும் பல்கலைக்கழகம் சாதியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. வெளியே போகும் தலித் மாணவர் சாதியைப் பற்றிப் படிக்கக் கூடாது. முதலில் ஆட்கள் வடிகட்டப்படுகிறார்கள், அடுத்ததாகக் கேள்விகள். இரண்டு வாசலிலும் தடையில்லாமல் நடமாடுவது பணம்தான்.

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகை மாதம் 11.5 பவுன், மூன்று வருஷத்துக்கு. 1915இல் அவர் கொடுத்த முதுகலை ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை ‘இந்தியாவில் சாதிகள்’. அகமணமுறைதான் சாதியின் சாரம் என்று அவர் நிறுவியது அங்கேதான். 2022இன் நெறிகளை அவர்மேல் போட்டுப் பாருங்கள். முதலாவது இந்திய வரலாறு, இரண்டாவது இந்தியச் சமூகம். இரண்டுக்கும் பணம் கிடையாது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு சமஸ்தானத்து ராஜா போடாத நிபந்தனையைக் குடியரசு போட்டிருக்கிறது.

‘இந்தியாவைப் பற்றிப் படிக்க என்னத்துக்கு வெளிநாடு? நூலகமும் நிபுணர்களும் இங்கேயே இருக்கிறார்களே’ என்று அரசுத் தரப்பில் பதில் வந்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் அறிவு என்பது ஆவணக் குவியல் மட்டுமல்ல. யார் நெறியாளர், யார் தேர்வாளர், யார் முன்னால் நின்று எதைப் பேச முடிகிறது என்பதும் அறிவின் பகுதிதான். சேரியை விட்டு வெளியே வந்தவன் தன் சேரியைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கும், நிறவெறியைப் பக்கத்தில் வைத்துச் சாதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அந்தத் தூரம் தேவைப்படுகிறது. கையில் காசுள்ள மாணவரை இந்த நிபந்தனை தொடாது. அவர் லண்டன் போய் சாதி பற்றியே ஆய்வு செய்துவிட்டு, நிபுணராகத் திரும்பி வரலாம். ஆய்வாளர் ஒருபக்கம், ஆய்வுப் பொருள் மறுபக்கம் என்கிற பழைய பிரிவினை இப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது.

இந்த இடத்தில் நம் தோழர்களோடும் எனக்கு ஒரு தகராறு உண்டு. ‘அந்நியப் பல்கலைக்கழகமே வெளியேறு’ என்கிற கோஷத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கல்வி சரக்காவதை எதிர்ப்பது சரி. ஆனால் எதற்குப் பதிலாக எதைக் காப்பாற்றுகிறோம்? 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா உயிரை விட்டது அந்நிய வளாகம் எதிலும் இல்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில். ‘சுதேசி’ வளாகம் என்றால் அக்ரஹாரத்துக்கு இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டால், அதைக் காக்கச் சொல்லி ஒடுக்கப்பட்டவர்களைக் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்? வெளியுலகம் நம்மில் பலருக்கு மூச்சுவிடும் இடமாகவும் இருந்திருக்கிறது. அதைத் தேசியவாதிகளுக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது, வியாபாரிகளுக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த மண்ணில் வளாகம் திறக்கிற எந்தப் பல்கலைக்கழகமும், அது எந்த நாட்டுடையதானாலும், இட ஒதுக்கீட்டுக்குக் கட்டுப்பட வேண்டும். 2022இன் அந்த நிபந்தனை நீங்க வேண்டும். இந்த 125 பேரில் ஒருவர் தன் ஊர்ச் சேரியைப் பற்றி ஆய்வேடு எழுதுவதற்கு இடம் கொடுக்காதவரை, விஸ்வகுருவுக்கு நாம் கொடுக்கக்கூடிய தட்சிணை எதுவும் இல்லை. கட்டைவிரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.