வாய்க்காற் சுவரில் ஒரு நகரின் வரலாறு

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் துஜுங்கா வெள்ளவாய்க்காற் சுவரில் 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் தீட்டப்பெற்ற ஓவியத் தொடர் ஏறத்தாழ அரை மைல் நீளமானது. ஜூடித் பாக்காவின் வழிகாட்டலில் 400க்கு மேற்பட்ட இளைஞரும் குடும்பத்தினரும் அதில் உழைத்தனர். நகரின் அதிகார வரலாறு ஒதுக்கியவர்களே இங்கு வரலாற்று மாந்தராகின்றனர்.

இதனைப் பிரசாரமெனத் தள்ளுவோர் உளர். பலர் கூடித் தீட்டியதால் மட்டும் ஒரு படைப்புச் சிறந்துவிடாது என்பது உண்மையே. உருவங்கள் நெருக்குண்ட இடங்களும், வெறும் படவிளக்கமாய் நின்றுவிடும் பகுதிகளும் இதில் உள. ஆயின் சாவேஸ் பள்ளத்தாக்குப் பகுதியை அவர்கள் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். மெக்சிக்க வழிவந்த குடும்பங்கள் 1950களில் வெளியேற்றப்பட்ட அந்நிலத்தில் 1962இல் டொட்ஜேர்ஸ் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஓவியத்தில் அவ்வரங்கு வேற்றுலக விண்கலம் போல வானினின்று இறங்குகின்றது; நெடுஞ்சாலைகள் பாம்பென நெளிந்து ஒரு குடும்பத்தினரை ஒருவரிலிருந்தொருவர் பிரிக்கின்றன. கண்டன வாசகம் எதுவும் அங்கு தேவைப்படவில்லை; சினம் முழுவதும் உருவமாகிவிட்டது.

ஓவியம் அமைந்த இடமும் கவனத்திற்குரியது. ஆற்றைச் சீமெந்தால் அடக்கிய அதே சுவரில், அடக்கப்பட்டோர் கதை ஆற்றோட்டம் போலவே நீண்டு செல்கின்றது.