பேர்ப் புத்தகத்தில் இல்லாத பொருள்

குழந்தைக்குப் பேர் வைக்க வேண்டுமென்றால் இப்போது பலரும் கடையில் ஒரு பேர்ப் புத்தகம் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் பேர், எதிரே இரண்டு சொல்லில் பொருள். விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். பட்டியலில் சரக்கின் பேரும் விலையும் தெரியும், விளைந்த ஊர் தெரியாது. இந்தப் புத்தகங்களின் மீது எனக்குள்ள குறையும் அதுதான்.

சீவகன் என்ற பேரை எடுத்துக்கொள்வோம். அகராதி வழியில் போனால் 'உயிருள்ளவன்' என்று முடித்துவிடலாம். சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் காரணம் வேறு. நாட்டை இழந்த அரசி விசயை சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். 'சிந்தாமணியே' என்று அழைத்துத்தான் பிள்ளையைப் பிரிகிறாள். தன் இறந்த குழந்தையோடு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன் இந்தப் பிள்ளையை எடுக்க, அது தும்முகிறது. 'சீவ', அதாவது 'வாழ்க' என்று வாழ்த்தொலி எழுகிறது. அதுவே பேராயிற்று. இன்றைக்கும் நம் வீட்டில் குழந்தை தும்மினால் பெரியவர்கள் 'நூறு' என்கிறார்களே, அதே வாழ்த்து!

ஆக, காப்பியத்தின் பேரிலேயே இரண்டு பேர் சேர்ந்திருக்கின்றன. ஒன்று வளர்த்த வீட்டில் நிலைத்தது, மற்றது பெற்றவள் அழைத்தது. சமண தத்துவத்தில் சீவன் என்றால் ஆன்மா. 'பிழைத்திரு' என்று தொடங்கிய பேர், கடைசியான முத்தி இலம்பகத்தில் அவன் துறவு பூணும்போது தன் முழுப்பொருளை அடைகிறது. இதை எந்தப் பட்டியல் சொல்லும்?

அடுத்து குடும்பப் பேர். 1936-இல் நீலகேசியைப் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் பேரைப் பாருங்கள். சக்கரவர்த்தி என்பது இவருக்கு இட்ட பேர். சமண மரபில் போற்றப்படும் 63 பெருமக்களில் 12 பேர் சக்கரவர்த்திகள். இதே சொல் வங்காளத்தில் பிராமணக் குடும்பப் பேர். கல்கத்தாக்காரர் இதைப் படித்தால் முன்னதைப் பின்னதாக எண்ணிக்கொள்வார். நயினார் என்றால் தலைவர், எசமான். தமிழ்ச் சமணருக்கு அது பட்டப்பேர். ஆனால் சைவரிடமும் தமிழ் முஸ்லிம்களிடமும் அந்தச் சொல் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து ஒருவரின் மதத்தைச் சொல்ல முடியாது. அது மதத்துக்கு முன்னால் தமிழ் மரியாதைச் சொல்.

வெளிமாநிலத்தில் நமக்கு வரும் சிக்கல் இங்கேதான். விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்கிறார்கள். அப்பா தன் அப்பா பேரைப் போடுகிறார், பிள்ளை தன் அப்பா பேரைப் போடுகிறான். ஒரே வீட்டில் ஆளுக்கொரு குடும்பப் பேர்! விளக்கம் சொல்லி அலுத்துப்போய் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் பலர் 'ஜெயின்' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். வடக்கே அது உடனே புரியும். ஆனால் மதம் புரிந்த அளவுக்கு மொழி மறைந்துபோகிறது. நயினார் போனால், தமிழ் பேசும் சமணர் உண்டு என்ற செய்தியும் கூடவே போகும்.

பேரேட்டில் பேர் மாறினால் கணக்கே மாறிவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆகவே அன்பர்களே, கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். வீட்டு நோட்டு ஒன்றில் மட்டும், யார் வைத்த பேர், எந்தக் கதையிலிருந்து வந்தது, பட்டப்பேர் எது, சொந்த ஊர் எது என்று தமிழில் நாலு வரி எழுதிவையுங்கள். நம் பேரன் பேத்திகள் கேட்கும்போது எடுத்துக் காட்ட அது இருக்கும்.