ஓரத்தில் தொடங்கும் போர்வை

சேவூரில் எங்க வீட்டில் பழஞ்சேலைப் போர்வை ஒன்று இருக்கிறது. அம்மா கையால் தைத்தது. அதைக் கலைன்னு நாங்க யாரும் சொன்னதில்லை. சொன்னா அம்மாவே சிரிச்சிருவாங்க. கொஞ்ச நாளாகச் சித்திப் பெண்களின் போர்வைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்ததில், அந்த நினைப்பு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

சித்தி என்றால் இங்கே சின்னம்மா இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்தியாவிலேயே தங்கிவிட்ட மக்களின் பெயர். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழ்பவர்களில் பலரின் முன்னோர், போர்ச்சுகீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள். தப்பித்துக் காட்டுக்குள் போனவர்கள். இவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு.

இந்தப் பெண்கள் தைப்பது ‘கவந்தி’. அடியில் ஒரு பழஞ்சேலை, மேலே கிழிந்த துணிகளின் துண்டுகள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றித் தைத்து நடுவுக்கு வந்து சேர்கிறார்கள். சட்டமும் கிடையாது, வரைந்துவைத்த மாதிரியும் கிடையாது. மூலைகளில் மடித்த முக்கோணத் துண்டு வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பூலா’, பூ. அது இல்லாத போர்வை அம்மணமாம்!

கலை வரலாற்றாளர் ஹென்றி ட்ரூவல் இவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். 2011இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆப்பிரிக்கப் புலம்பெயர்வு அருங்காட்சியகத்தில் இந்தப் போர்வைகள் சுவரேறின. பார்த்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்களின் போர்வைகள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டவை. அங்கே ஆனி மே யங் 1976இல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்புகளை வைத்தே ஒரு போர்வை தைத்திருக்கிறார்.

இரண்டிலும் அடிக்கிற நிறம், கோணலான கட்டம். உடனே ‘ரத்தத்தில் வந்த ஆப்பிரிக்கா’ என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜீஸ் பெண்டில் மேல்துணியை முதலில் ஒட்டுப்போட்டு முடித்து, பிறகு பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைப்பார்கள். கவந்தியில் ஒட்டுப்போடுவதும் அடித்துணியோடு சேர்ப்பதும் ஒரே தையல். பழந்துணிப் போர்வை சித்திகளுக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. அக்கம்பக்கத்துக் கன்னடப் பெண்கள் தைக்கும் ‘கௌதி’ இருக்கிறது. எல்லாவற்றையும் ரத்தத்தின் கணக்கில் எழுதினால், இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை வைக்கலாம் என்று முடிவெடுத்த பெண் எங்கே போனாள்?

பனியன் ஊர்க்காரனுக்குத் துணியில் முதலில் கண்ணில் படுவது ஓரம்தான். வெட்டின ஓரம் பிரியும். பனியன் துணியென்றால் சுருண்டுகொள்ளும். கவந்தியில் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் விரலால் உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டே போகிறார்கள். அந்த மடிப்பிலிருந்துதான் கோணலும், கட்டங்களின் ஓட்டமும் வருகின்றன. என் பார்வையில் இதன் அழகு செய்முறைக்குள்தான் இருக்கிறது.

ஒரு படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைக் கடைசியில மடிச்சேன், அதான் கோணிக்கிச்சு. இவிய மொதல்லயே ஓரத்தை அடக்கிட்டாங்க பாரு, கெட்டிக்காரி. யாரு தைச்சது?”

படத்துக்குக் கீழே ‘சித்திப் பெண்கள்’ என்று மட்டும் இருந்தது.