மங்கலுக்குள் நிற்கும் மெட்டு

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், ஷெர்வுட் பகுதியில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் நடத்தும் பழைய பொருள் கடையில் 2016இல் ஒரு சிடி கிடைத்தது. உறையில் ஜப்பானிய மங்கா சித்திரம். குழுவின் பெயர் பாஞ்சிகோ, ஆண்டு 2000. வாசித்தவர்களின் முதற்பெயர்கள் இருந்தனவே தவிர, ஆளைத் தேடிப் போக ஒரு துப்பும் இல்லை. ‘டெத்மெட்டல்’ என்ற தலைப்பை எழுத்துக்கு எழுத்து நடுவே அம்புக்குறி போட்டு அச்சிட்டிருந்தார்கள். உள்ளே டெத்மெட்டல் என்ற முரட்டு இசை மருந்துக்கும் இல்லை. பதின்வயதுப் பையன்கள் செய்த, மிதந்து செல்லும் கிட்டார் பாடல்கள்; அவற்றின் மேல் விடாத ஒரு கரகரப்பு.

தட்டு கெட்டுப்போனதால் வந்த கரகரப்பு அது. சிடியின் பிளாஸ்டிக்கில் நுண்ணிய பள்ளங்களாகப் பாட்டு பதிந்திருக்கும். அதன் மேல் படிந்த அலுமினியப் படலம்தான் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும். மேற்பூச்சு விட்டுப்போய்க் காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கொஞ்சம் அரித்தால் பிளேயரே கணக்குப் போட்டு விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். எல்லை மீறினால் கரகரவென்று பிளந்து கேட்கும்.

இப்படிப்பட்ட தட்டைப் பொதுவாகக் குப்பையில் போடுவார்கள். இதையோ இணையத்தில் ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கேட்டார்கள், கரகரப்போடு சேர்த்தே. கிட்டார் இரைச்சலில் குரலை மூழ்கடிக்கும் ஷூகேஸும், கனவுபோல் மிதக்கும் ட்ரீம் பாப்பும் முப்பது ஆண்டுகளாகப் பழக்கிய காதுகள் அவை.

அந்தப் பழக்கம் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் பிறந்த காக்டோ ட்வின்ஸ் குழுவிலிருந்து வருகிறது. 1984இல் வந்த ‘ட்ரெஷர்’ ஆல்பத்தில் எலிசபெத் ஃப்ரேசர் பாடுவதில் சொல் எது, வெறும் ஒலி எது என்பது ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாது. பிடிபடாததால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. ராபின் கத்ரியின் கிட்டார் எதிரொலியில் ஊறி, கிட்டார் என்றே தெரியாத வேறொரு வாத்தியமாகிவிடுகிறது.

மை பிளடி வேலண்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவருடைய ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் ட்ரெமலோ கம்பி ஒன்று உண்டு. மற்றவர்கள் எப்போதாவது தொடும் அந்தக் கம்பியை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டு, தந்தியை மீட்டும்போதெல்லாம் அசைத்துக்கொண்டே இருந்தார். ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். குழுவின் பாடகி பிலிண்டா புச்சர் பல பாடல்களைத் தூங்கி எழுந்த கையோடு பாடியிருக்கிறார். அந்தத் தூக்கக் கலக்கம் குரலில் அப்படியே இருக்கிறது. 1991 நவம்பரில் வெளிவந்த ‘லவ்லெஸ்’ ஆல்பம் இரண்டு ஆண்டுக்கும் மேலாக, 19 ஸ்டுடியோக்களில் உருவானது. செலவு இரண்டரை லட்சம் பவுண்டு என்று ஒரு பேச்சு உண்டு. ஷீல்ட்ஸ் அதை மறுக்கிறார். எவ்வளவாக இருந்தாலும், அந்த மங்கல் வசதியின்மையால் வந்ததல்ல. தெரிந்தே, அளந்து போட்டது.

இதே வகை இசை செய்த ஸ்லோடைவ் குழுவுக்கு விதி வேறுமாதிரி. 1993இல் ‘சூவ்லாக்கி’ ஆல்பத்தை வெளியிட்டபோது பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. 1995இல் அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியும் கைவிட்டது. 2014இல் அவர்கள் மறுபடி மேடையேறியபோது பெருங்கூட்டம் காத்திருந்தது.

மறுபக்கம், வீட்டில் உட்கார்ந்து செய்தவர்கள். 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ, சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய வழிசெய்தது. நான்கு போதாதபோது மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, காலியான மூன்றில் மேற்கொண்டு பதிவார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், ஒலியின் கூர்மை மழுங்கும். லோ-ஃபை எனப்படும் துல்லியம் குறைந்த ஒலியில் பாதி இந்த இக்கட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் சான் ஹோசேயைச் சேர்ந்த டஸ்டர் குழுவின் ‘ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்’ (1998) இந்த வழியில் வந்த அருமையான ஆல்பம். அன்று அதைக் கேட்டவர்கள் குறைவு. 2019இல் நியூமரோ குரூப் என்ற இசை நிறுவனம் அவர்களுடைய பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது புதிய தலைமுறையே ரசிகர்களாகச் சேர்ந்தது. குரூப்பர் என்ற பெயரில் இயங்கும் லிஸ் ஹாரிஸின் ‘ரூயின்ஸ்’ (2014) போர்ச்சுகலில் ஒரு வீட்டில், பியானோவின் முன்னால் பதிவானது. ஒரு பாட்டின் முடிவில், போன மின்சாரம் திரும்பி வந்ததும் மைக்ரோவேவ் அடுப்பு பீப் என்று ஒலிக்கிறது. அவர் அதை வெட்டவில்லை.

2020 தொடக்கத்தில் பாஞ்சிகோவின் பாடகரை ரசிகர்கள் ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 30 பிரதிகள் மட்டுமே போட்ட தங்கள் பள்ளிக்காலத் தட்டுக்கு உலகெங்கும் ஆட்கள் இருப்பது அதுவரை அந்த நண்பர்களுக்குத் தெரியாது. அதே ஆண்டு பாடல்களைச் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டபோது, அரித்துப்போன பதிவுகளையும் கூடவே சேர்த்தார்கள். அரித்ததே மேல் என்பவர்கள் இன்றும் உண்டு. என் கட்சி செப்பனிட்டதன் பக்கம். தலைப்புப் பாடலைக் கரகரப்பு நீக்கிக் கேட்டால் மெட்டு தன் காலில் நிற்கிறது. குரல் தயங்கித் தயங்கி ஏறுவதும், கிட்டார் பின்வாங்கி அதற்கு இடம் விடுவதும் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கின்றன. அரிப்பு மட்டுமே அழகாக இருந்திருந்தால் கெட்டுப்போன எந்தத் தட்டையும் இப்படிக் கொண்டாடியிருப்பார்கள். 2023இல் அவர்கள் புதிய ஆல்பமும் வெளியிட்டார்கள்.

இன்று இந்த ஒலிக்குக் கேசட்டும் வேண்டாம், அரித்த சிடியும் வேண்டாம். சியோலில் சொந்தப் பெயர் சொல்லாமல் இயங்கும் பாரனூல் என்ற கலைஞர் 2021இல் வெளியிட்ட ‘டு சீ த நெக்ஸ்ட் பார்ட் ஆஃப் த ட்ரீம்’ தனியறையில் கணினியில் உருவானது. வாத்தியங்களில் பெரும்பாலானவை மென்பொருள் ஒலிகள். டிரம் எல்லை மீறி உடைகிறது, குரல் அதற்கடியில் புதைந்து கிடக்கிறது. ஆனாலும் கேட்டு முடித்தபின் மெட்டை முணுமுணுக்க முடிகிறது. இந்த இசைக்குப் புதிதாக வருபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். முதல் தடவை ஒலியைக் குறைத்து வைத்து, மெட்டை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தாங்கும் அளவுக்கு ஏற்றிக் கேளுங்கள்.