பிறர்கூற்றும் மரணமும்: அன்னா சேகர்ஸின் ‘டிரான்சிட்’ நாவல்

1940 ஜூன் 22இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, ஜெர்மனி கேட்கும் ஜெர்மானியரை ஒப்படைக்குமாறு பிரான்சைக் கடமைப்படுத்தியது. ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பியோர் கப்பல் தேடி மார்சேய் நகரில் குவிந்தனர். போர்த் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசே இவர்களைப் பகைநாட்டார் எனக் கருதி முகாம்களில் அடைத்திருந்தது. ‘ஐந்தாம் படை’ என்னும் ஐயம் நாஜி எதிர்ப்பாளரையும் விட்டுவைக்கவில்லை.

இச்சூழலில் நேர்ந்த மரணங்கள் பலவற்றுக்கு உறுதியான முடிவுரை இல்லை. வால்ட்டர் பென்யமின் மார்சேய் வழியாகச் சென்று, 1940 செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையூரான போர்ட்போவில் இறந்தார். சான்றிதழ் மூளை இரத்தக்கசிவு என்றது. உடன் வந்தோர் வழி அறியப்பட்டது தற்கொலை. சோவியத் உளவாளர் கொன்றனர் என்ற ஊகமும் பின்னர் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தென்கிழக்குப் பிரான்சின் காடொன்றில் வில்லி மூன்சன்பெர்க்கின் உடல் கிடைத்தது. அது தற்கொலையா, உளவாளர் செய்த கொலையா என்பது இன்றும் தீராத வழக்கு.

1941 மார்ச்சில் மார்சேயிலிருந்து கப்பலேறிய சேகர்ஸ், அந்நகரையே ‘டிரான்சிட்’ நாவலின் களமாக்கினார். 1944இல் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளிவந்த பின்னரே அது மூலமொழியில் நூலாயிற்று. மொழிபெயர்ப்பாகவே பிறந்த இந்நூலின் தொடக்க வாக்கியம் மொழியியலார் நோக்கில் முதன்மையானது. கப்பலொன்று மூழ்கிய செய்தி அங்கு ‘சோலன்’ என்னும் துணைவினையோடு வருகிறது. செய்தி பிறர் வாய்மொழி. கூறுபவன் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதே அவ்வினையின் பொருள். ஆங்கிலம் இதற்குப் பெரும்பாலும் ‘சொல்கிறார்கள்’ என்பது போன்ற தனித்தொடரை முன்வைக்க வேண்டியுள்ளது. தமிழிலோ ‘-ஆம்’ என்னும் ஒட்டு போதும்: மூழ்கிவிட்டதாம்.

இது இலக்கண நுட்பம் மட்டுமன்று. பாரிஸ் விடுதியில் எழுத்தாளர் வைடல் தற்கொலை செய்துகொள்கிறார். விடுதிக்காரி அச்சாவை மறைக்கிறாள். உண்மையறிந்த கதைசொல்லி அவருடைய பெட்டியைச் சுமந்து மார்சேய் சேர்கிறான். மெக்சிகோ தூதரகம் அவனையே வைடல் எனக் கொள்கிறது. வைடலின் மனைவி மாரி, கணவர் ஊரில் காணப்பட்டதாகக் கேள்விப்பட்டுத் தேடி அலைகிறாள். ஆக, நேர்ந்த சாவுக்கு ஆவணமில்லை. இறந்தவர் ஆவணத்தில் வாழ்கிறார். பின்னர் மாரியே ஏறிச் சென்ற கப்பல்தான் மூழ்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வைடலின் சாவை அறிந்தும் சொல்லாதவனுக்கு, மாரியின் சாவு பிறர்கூற்றாக மட்டுமே கிடைக்கிறது. நாவலின் அறச்சிக்கல் முழுவதும் இந்தச் சான்றுநிலை வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

எனவே அத்தொடக்கத்தை ‘மூழ்கியது’ எனப் பெயர்ப்பவர் மாரியைக் கொன்றுவிடுகிறார். அவள் வருவாள் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகிறது. ‘மூழ்கியதாகக் கூறப்படுகிறது’ என்பது பொருளைக் காத்தாலும் செய்தித்தாள் நடையைக் கொணர்கிறது. கடையில் எதிரே அமர்ந்தவனிடம் பேசும் குரல் மறைகிறது. ‘-ஆம்’ அக்குரலைக் காக்கிறது. ஆயினும் அதற்கும் ஓர் இடர் உண்டு. ‘ஒரு ராஜாவாம்’ என்னும் கதைத்தொனியும், ‘இவர் பெரிய அறிஞராம்’ என்னும் ஏளனத்தொனியும் அவ்வொட்டிலேயே உள்ளன. பல இடங்களில் அடுக்கினால் துயரம் வேடிக்கையாகிவிடும். தொடக்கத்தில் ‘-ஆம்’ இட்டு, தொடர்ந்து வரும் இடங்களில் ‘என்கிறார்கள்’, ‘என்று கேள்வி’ என வேறுபடுத்துவதே தக்க வழி.

‘அகதி’ என்ற சொல், செல்வழியும் புகலும் அற்ற நிலையைச் சுட்டுவது. அத்தகையோருக்கு எதிராக நகரம் கொண்டிருந்த வலிய கருவி வதந்தி. ‘உளவாளியாம்’ என்ற சொல்லில் உள்ள ஒட்டு, காவல் குறிப்பேட்டில் ஏறும்போது உதிர்ந்து ‘உளவாளி’ என நிற்கும். அவ்வாறு ஒட்டை உதிர்க்கும் பணியை மொழிபெயர்ப்பாளரும் செய்துவிடலாகாது. கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் தருவதே இத்தகைய நூல்களுக்கு அவர் ஆற்ற வேண்டிய முதற்கடன்.