வெறும் வயிறும் வெற்று எண்ணும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஜீப் ஏறிவிடுகிறார்கள். போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்க் காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாய்ந்துதான் மலை இறங்குவார்கள். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் லேப் சொல்லும் முதல் நிபந்தனை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் காலையில் வர வேண்டும் என்பது. அந்த ஒரு வரிக்கு இந்தத் தொழிலாளி கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி.

கூலியை விட்டுவிட்டுப் பார்க்கும் அளவுக்கு லிப்பிட் புரொஃபைல் என்ற இந்தப் பரிசோதனை பயனுள்ளதா? பயனுள்ளதுதான். ஆனால் அதை எடுக்கிற முறையிலும் படிக்கிற முறையிலும் கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறு அதிகம் பாதிப்பது சர்க்கரை நோயாளிகளை.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். கொழுப்பு ரத்தத்தில் தனியாகக் கரைந்து ஓடாது. புரதம் போர்த்திய துகள்களாகத்தான் பயணம் செய்யும். அவற்றில் எல்டிஎல் துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கி அடைப்புக்கு வித்திடுகிறது. கல்லீரல் அதை எப்படிப் பிடித்து உள்ளிழுக்கிறது என்று கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரைச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்து நடந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வில் (2004) தினம் ஒரு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேடின் மாத்திரை, பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 37 சதவீதம் குறைத்தது. மருத்துவத்தில் இவ்வளவு உறுதியான சான்றுள்ள எண்கள் அதிகமில்லை.

சறுக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல லேப்களில் எல்டிஎல்லை அளப்பதே இல்லை. கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். 1972இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் தந்த சூத்திரம் அது. மொத்தக் கொலஸ்ட்ராலில் ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி, மிச்சம் எல்டிஎல். எளிமையான சூத்திரம், மலிவானது, அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறது. ஆனால் டிரைகிளிசரைடு ஏற ஏற அது தடுமாறும். 400ஐத் தாண்டினால் செல்லவே செல்லாது. சர்க்கரை நோயில் முதலில் ஏறுவதோ டிரைகிளிசரைடுதான்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆள் சர்க்கரை நோயாளி. மொத்தம் 178, எச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 260. சூத்திரப்படி எல்டிஎல் 94. மொத்தம் 200க்குள், எல்டிஎல் 100க்குள். ‘கொலஸ்ட்ரால் நார்மல்தான்’ என்ற ஒரு சொல்லோடு தாள் மடங்கிப் பைக்குள் போய்விடும். இதே தாளில் இன்னொரு கழித்தல் போட்டுப் பாருங்கள். 178இல் 32 போனால் 146. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் இது. அடைப்பை உண்டாக்கும் எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. சர்க்கரை நோயாளிக்கு எல்டிஎல் 70க்குள்ளும், இந்த எண் 100க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். நார்மல் என்று மடித்து வைத்த தாளில் இந்த எண், உண்மையில் இலக்கைவிட 46 அதிகம்.

ஏன் இப்படி? இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல் துகள்களை அளவுக்குமேல் உற்பத்தி செய்து அனுப்புகிறது. அவை தங்கள் டிரைகிளிசரைடை எல்டிஎல், எச்டிஎல் துகள்களுக்குக் கொடுத்துவிட்டு அவற்றின் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. முடிவில் எச்டிஎல் தேய்ந்து குறைகிறது. எல்டிஎல் சிறுத்து அடர்த்தியாகிறது. போடிக்காரருக்கு இதை ஏலக்காயை வைத்தே விளக்கிவிடலாம். எட்டு மில்லிமீட்டர் பெருங்காய் ஒரு கிலோவும் சிறுகாய் ஒரு கிலோவும் தராசில் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் சிறுகாய்தான் அதிகம். லேப் எடை போடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குவது எண்ணிக்கை.

எண்ணிக்கைக்கும் வழி உண்டு. அடைப்பை உண்டாக்கும் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் மாரடைப்போடு மிக வலுவாகச் சேர்ந்து நின்றது அப்போ-பிக்கும் எச்டிஎல்லின் புரதமான அப்போ-ஏ1க்கும் உள்ள விகிதம்தான். அதே ஆய்வின் தரவு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி, சராசரியாக 53 வயதில் வருவதையும் காட்டியது. அப்போ-பி நல்ல அளவுகோல்தான். ஆனால் தனிச் செலவு. சிறிய ஊர் லேப் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் அனுப்பும். பலனில் பெரும்பகுதியை ஒரு கழித்தல் கணக்கு இலவசமாகத் தரும்போது, கூலி வாங்கும் குடும்பத்தை அப்போ-பிக்குத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம்மவர்களின் கொழுப்பு எப்படிப்பட்டது என்பதற்கும் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டையும் சேர்த்து நடந்த ஐசிஎம்ஆர்–இண்டியாப் முதல் கட்ட ஆய்வில் (முடிவு வெளியானது 2014) எல்டிஎல் அதிகமிருந்தவர்கள் 11.8 சதவீதம் மட்டுமே. எச்டிஎல் குறைந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு அதிகமிருந்தவர்கள் 29.5. ஆக, எல்டிஎல் ஒன்றையே பார்த்துத் திருப்தியடையும் வழக்கம் நம் நோயின் முகத்தைப் பார்க்காமலே போகிறது. அதற்காக எச்டிஎல்லை ஏற்ற மருந்து தேடவும் வேண்டாம். எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றிக்காட்டிய டார்செட்ராபிப் மருந்தின் சோதனை, சாவுகள் கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எச்டிஎல் குறைவு அடையாளம்தான். அதை ஏற்றினால் இதயம் காப்பாற்றப்படும் என்பதற்குச் சான்றில்லை.

இனி, வெறும் வயிறு. சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு சராசரியாக 26 மில்லிகிராம் ஏறும். மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் எட்டு அளவுக்கு இறங்கும். அவ்வளவுதான் வேறுபாடு. ஐரோப்பிய நிபுணர் குழு 2016இலேயே வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று சொல்லிவிட்டது. டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தவரை மட்டும் திரும்ப வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். காலைச் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் பட்டினி என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி வேண்டியதில்லையே.

அரசுப் பக்கமும் ஓர் இடைவெளி தெரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உண்மையிலேயே பெரிய காரியம், ஐ.நா. விருது வரை போனது. ஆனால் வீட்டு வாசலில் பார்ப்பது ரத்த அழுத்தமும் சர்க்கரையும். கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. தன்னார்வலர் வரும் பகல் வேளையில் தோட்டத்துக்குப் போனவர் வீட்டிலும் இருக்கமாட்டார். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே 14 மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் எட்டு அட்டோர்வாஸ்டாட்டின். உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கொழுப்பையே அளந்து பார்க்காத ஒருவருக்கு அந்த மாத்திரை முதன்முதலாகக் கைக்கு வருவது மாரடைப்பு வந்த அன்றுதான் என்றால், அது தாமதம்.

ஸ்டேடினே சர்க்கரையை வரவழைக்கும் என்ற பயமும் ஊரில் உலவுகிறது. பொய்யில்லை, அளவுதான் முக்கியம். 2010இல் வந்த தொகுப்பாய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை வரும்; அதே 255 பேரில் ஐந்துக்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் தவிர்க்கப்படும். ஏலக்காய் கொழுப்பைக் கரைக்கும் என்பதும் அப்படியொரு பேச்சு. 2009இல் வெளியான ஒரு சிறிய இந்திய ஆய்வில் 20 பேர் தினம் மூன்று கிராம் ஏலப்பொடி சாப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் குறைந்தது, கொழுப்பு குறிப்பிடும்படி மாறவில்லை. வாசனைக்குப் போடுங்கள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மலை இறங்கும் சாயங்காலத்தில், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு குழாய் ரத்தம் எடுக்க ஆரம்ப சுகாதார நிலையம் முன்வரலாம். எல்லா லேப்களும் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலை முதல் வரியில் அச்சிடலாம். அதுவரை ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்; சர்க்கரை இருந்து, விடை 100க்கு மேல் நின்றால், அந்த எண்ணைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.